எனக்குத் தமிழில் சொல்லு

திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காற்றுதான் வரவில்லை. தரை துடைத்த மருந்தின் வாடையும், யாரோ பிரித்துவைத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தின் வாசனையும் சேர்ந்து தொண்டையில் நின்றன. அக்கா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

ஒரு நர்ஸ் டாக்டர் அறையின் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

“தமிழ் அறியாவுந்ந ஆரெங்கிலும் உண்டோ இவிடெ?”

தமிழ் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்கிறாள். அந்தக் கூடத்தில் பாதிப் பேர் தமிழர்கள். நாகர்கோவில், வள்ளியூர், தென்காசி என்று விடியுமுன் கிளம்பி வந்தவர்கள். கேள்வி மலையாளத்தில் இருந்ததால் அவர்களில் ஒருவருக்கும் அது தங்களைப் பற்றியது என்று புரியவில்லை. எல்லோரும் நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கண்ணைத் திறக்காமலே முழங்கையால் என் விலாவில் இடித்தாள்.

“எட்டி, உன்னத்தான். எந்திச்சுப் போ.”

“உன் நம்பர் வந்திருமே அக்கா.”

“வந்தா நான் போய்க்கிடுவேன். எனக்குக் கால் இல்லையா? போ பிள்ளே.”

எழுந்து போனேன். ஐம்பதைத் தாண்டிய வயதில், எனக்கு என்ன கைவரும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்கலாம்.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து அக்காவின் நோயைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்துகொண்டிருக்கிறேன். அப்பாவைப் பற்றி எழுதினேன், கரமனை ஆற்றில் வெள்ளம் ஏறியதை எழுதினேன். இந்த வாரம் உள்ளே போகத்தான் வேண்டும்.

செண்பகத்தின் தங்கை

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சிவகாமி. அக்கா பெயர் செண்பகம். அப்பா சுசீந்திரம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு, சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் ஒரு மொத்த மளிகைக் கடைக்குக் கணக்கெழுத வந்தவர். கரமனையில் வீடு. வீட்டுக்குள் நாஞ்சில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். பள்ளிக்கூடமும் மலையாளம்தான். அப்பா வாராவாரம் வாங்கிவரும் தமிழ்ப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டித்தான் நான் தமிழ் படிக்கக் கற்றேன்.

ஊரில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “செம்பகத்திந்றெ அனியத்தி” என்பார்கள். செண்பகத்தின் தங்கை. காரணம் இருந்தது.

அக்கா நடிகை. சினிமாவில் இல்லை. எங்கள் பகுதி வாயனசாலையின், அதாவது நூலகத்தின், நாடகக் குழுவில். ஓணத்துக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் அவர்கள் நாடகம் போடுவார்கள். வீட்டில் “எங்கட்டி போன?” என்று கேட்கிறவள், மேடை ஏறினால் பெரிய நாயர் தறவாட்டு வீட்டு அம்மாவாக, மீன்காரியாக, வக்கீலாக மாறிவிடுவாள். அந்தப் பேச்சில் ஒரு சொட்டுத் தமிழ் கலக்காது. அவள் தமிழ்ப் பெண் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

அது எப்படி அவளுக்கு வந்தது என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். பேருந்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணை இரண்டு நிறுத்தம் வரை பார்ப்பாள். இறங்கி நடக்கும்போது அந்தப் பெண்ணாகவே நடப்பாள். முட்டி வலியோடு நடந்தால் அந்த வலியும் சேர்ந்து வரும். கேலிக்காகச் செய்ய மாட்டாள். “அவளுக்கு வலது காலு நோவு. அதான் பையை இடது கையில வச்சிருக்கா, பாத்தியா?” என்பாள். நானும் அதே பெண்ணைத்தான் பார்த்திருப்பேன். எனக்குப் பை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

ஒரு நாடகத்தில் மகன் ஆற்றோடு போய்விட்ட தாயாக நடித்தாள். செய்தி வரும்போது அவள் கையில் அவனுடைய நனைந்த சட்டை இருக்கும். கதறி அழ வேண்டும் என்று எழுதியிருந்தது. அக்கா அழவில்லை. சட்டையைப் பிழிந்தாள். உதறினாள். கொடியில் போட்டு, காலர் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டாள். வாயனசாலை மைதானத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்தவன்கூட அப்படியே நின்றுவிட்டான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். வசனம் மறந்தால் எடுத்துக்கொடுக்கிற வேலை என்னுடையது. எல்லோருடைய வரிகளும் எனக்கு மனப்பாடம். அன்று, அடுத்த வரியை எடுத்துக்கொடுக்க வேண்டிய நான், வாயைத் திறக்காமல் அக்காவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பொறாமை இருந்ததா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவள் நடிப்பதைப் பார்ப்பது எனக்குச் சாப்பாடு மாதிரி. ஆனால் நாடகம் முடிந்து, மேக்கப் கலைத்து, இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்து வரும்போது, அவள் முகத்தில் ஒரு களைப்பு இருக்கும். செலவழித்த களைப்பு. எனக்கு அது இருக்காது. என்னிடம் செலவழிக்க ஒன்றும் இல்லையே என்று தோன்றும். வீணை வகுப்புக்குப் போனேன், விரல் வளையவில்லை. படம் வரைந்தேன், பூனை நாயாக வந்தது. பிறகு கிழக்கேகோட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, தேடுவதை விட்டுவிட்டேன். கைதட்டவும் ஆள் வேண்டும்தானே என்று இருந்துவிட்டேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தான் மாரடைப்பில் போன பிறகு அக்காவும் கரமனை வீட்டுக்கே வந்துவிட்டாள். அவளுடைய ஒரே மகன் ரமேஷ் வெளிநாட்டில். இரண்டு பேரும் ஒரே வீட்டில் கிழவிகளாகப் போகிறோம் என்று சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு வயிற்றில் அந்தக் கட்டியைக் கண்டுபிடித்தார்கள்.

“என்ன கேட்டாலுமா?”

அறைக்குள் டாக்டர் பீனா இருந்தார். அக்காவைப் பார்க்கிற டாக்டரும் அவர்தான். சின்ன வயது. எதிரே ஒரு கணவனும் மனைவியும். பணகுடிப் பக்கம். அவன் லாரியில் லோடு ஏற்றுகிறவன். அகலமான தோள் இருந்தது, அதன்மேல் சட்டை கொடியில் தொங்குவதுபோல் தொங்கியது. அவள் பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“ஞான் பறயுந்நது இவர்க்கு மனசிலாவுந்நில்லா,” என்றார் டாக்டர். நான் சொல்வது இவர்களுக்குப் புரியவில்லை.

டாக்டர் மெதுவாகச் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன். நோய் ஈரலுக்குப் பரவியிருக்கிறது. ஆபரேஷன் செய்ய முடியாது. மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்று. ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். வலிக்கு மாத்திரை தருவோம்.

என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. முதல் இரண்டு வாக்கியம் டாக்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பிறகு பேச்சியம்மாள் என் வாயைப் பார்ப்பது தெரிந்து, அவள் பக்கம் திரும்பினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்பே தெரியும் என்று நினைக்கிறேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பரவியிருக்கிறது என்றேன், ஆட்டினாள். ஆபரேஷன் இல்லை என்றேன், ஆட்டினாள். பிறகு கேட்டாள்:

“எக்கா, டாக்டரம்மாட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ஊருல கொண்டு போய் வச்சா இவுகளுக்கு மீன் கொழம்பு குடுக்கலாமா? ரெண்டு மாசமாக் கேட்டுக்கிட்டே இருக்காவ. நாந்தான் கூடாது கூடாதுன்னு தட்டிவிட்டுட்டே இருக்கேன்.”

நான் அதை மலையாளத்தில் சொன்னேன். அவள் சொன்னது அத்தனையும். அவன் கேட்டுக்கொண்டே இருப்பதும், இவள் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பதும்.

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். “கொடுத்தோளூ,” என்றார். “எந்து வேணெங்கிலும் கொடுத்தோளூ.”

“தாராளமாக் குடுங்க,” என்றேன். “என்ன கேட்டாலும் குடுங்க.”

பேச்சியம்மாளின் தலை ஆடுவது நின்றது.

“என்ன கேட்டாலுமா?” என்றாள்.

நான் ஆமாம் என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பரவியது, ஈரல், ஆபரேஷன் என்ற எதுவும் அவளுக்குச் சொல்லாததை அந்த ஒரு அனுமதி சொல்லிவிட்டது.

வெளியே வந்தபோது அக்கா கதவுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே பேசியது முழுவதும் கேட்டிருக்கிறாள். தன் முறை வந்து, ஊசி போட்டுக்கொண்டு, ஆட்டோவில் ஏறி, பட்டம் சந்திப்பைத் தாண்டும் வரை பேசவில்லை.

பிறகு சொன்னாள். “அந்தப் பிள்ள கேட்டத நீ டாக்டருகிட்ட எடுத்துச் சொன்ன பாத்தியா. அவ கேட்டது அப்பிடியே போச்சு. தட்டிவிட்டுட்டே இருக்கேன்னு சொன்னாளே, அதக்கூட நீ விடல. வேற யாரா இருந்தா மீன் கொடுக்காமோன்னு கேட்டுட்டு முடிச்சிருப்பா.”

“இதுல என்ன இருக்கு அக்கா? எல்லாரும் ரெண்டு பாஷையும் பேசத்தானே செய்யுகோம்.”

“பேசுகோம். எல்லாருக்கும் இது வராது.” கொஞ்ச நேரம் கழித்து, “கொள்ளாம்,” என்றாள்.

‘கொள்ளாம்’ என்றால் நன்றாயிருக்கிறது; நாடகக்காரர்கள் அந்தச் சொல்லை எளிதில் விட மாட்டார்கள். அக்கா தன் குழுவில் யாருக்கும் அதைச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கடுமையாகப் பசித்தது. அக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, சமையலறையில் நின்றபடியே மரச்சீனிக் கிழங்கும் மீனும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். உடம்பெல்லாம் ஒரு களைப்பு. மேடையிலிருந்து இறங்கிய அக்காவின் முகத்தில் நான் பார்த்த களைப்பு இதுதானா என்று தோன்றியது. நான் சந்தோஷமாக இருந்தேன். ஒருத்தி தரையில் உட்கார்ந்துவிட்ட நாளில் எனக்குச் சந்தோஷம் என்பதை யாரிடம் சொல்வது?

வேதனை உண்டோ?

அதன் பிறகு அக்காவுக்கு மருந்து ஏற்றும் நாட்களிலெல்லாம் நர்ஸுகள் என்னைத் தேடி வந்தார்கள். பிறகு மருந்து இல்லாத நாட்களிலும் நானே போகத் தொடங்கினேன். அலுவலகத்தில் பாதி நாள் வேலை என்று ஆக்கிக்கொண்டேன்.

இரண்டும் அக்காள் தங்கை மொழி, கொஞ்சம் மாற்றிச் சொன்னால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். அந்த நெருக்கம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

டாக்டர்கள் முதலில் கேட்பது, “வேதன உண்டோ?” மலையாளத்தில் வேதனை என்றால் உடம்பு வலி. தென்காசியிலிருந்து வந்த ஒரு பெண் அதற்குப் பதில் சொன்னாள்: “வேதனை இல்லாம இருக்குமா சார்? ரெண்டு பிள்ளைகள அடுத்த வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்.” டாக்டர் அவள் வயிற்றை அமுக்கிக்கொண்டே, “எவிடெயா வேதன?” என்று கேட்டார். எங்கே வேதனை? அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொரு பெரியவரிடம் ஒரு டாக்டர் சிரித்த முகத்தோடு, “அசுகம் மாறும், பேடிக்கண்டா,” என்றார். நோய் குணமாகிவிடும், பயப்பட வேண்டாம். பெரியவர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “மாறும்ங்காவளே தாயி. வேற என்ன நோயா மாறும்?”

இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்தேன். என் தமிழ் போதாது என்றும் தெரிந்தது. கணையம், பித்தப்பை, நிணநீர் என்று தமிழில் தேடிக் கற்றேன். கற்ற பிறகு, அதையெல்லாம் சொல்லக் கூடாது என்றும் கற்றேன். நிணநீர் என்றால் விளாத்திகுளத்துக்காரருக்கு என்ன தெரியும்? “கக்கத்துல நெறி கட்டும்லா, அது” என்றால் தெரியும். ஊருக்கு ஊர் பேச்சு வேறு. சங்கரன்கோவில்காரர்கள் பேசுவதைக் கவனித்து, அவர்களிடம் அவர்கள் பேச்சிலேயே சொன்னேன். பேருந்தில் எதிரே இருப்பவர்களை அக்கா ஏன் அப்படி உற்றுப் பார்த்தாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

அக்கா சும்மா இருக்க மாட்டாள். கையில் மருந்துக் குழாயோடு படுத்துக்கொண்டே என்னைக் கவனிப்பாள்.

“டாக்டர் சொல்லுகாங்க, டாக்டர் சொல்லுகாங்கன்னு நூறு வாட்டி சொல்லாத. ஒரு வாட்டி சொல்லு, போதும். அப்புறம் நேராச் சொல்லு.”

“நான் டாக்டர் மாதிரி நடிக்கணுமா?”

“நடிக்காத. அவுங்களுக்கும் டாக்டருக்கும் நடுவுல நீ நிக்காம இரு. அவ்வளவுதான்.”

அவளுடைய நடிப்பும் ஓயவில்லை. மருந்து ஏற்றும் அறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சாய்வு நாற்காலிகளில் கிடப்பார்கள். வாந்தி வராதவர்கள் குறைவு. அங்கே அக்கா, நோயாளிகளைப் பார்க்கச் சுற்றி வரும் பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பதையும், அவருக்குப் பின்னால் ஓடும் பயிற்சி டாக்டர்கள் ஒரே சமயத்தில் தலையாட்டுவதையும் செய்து காட்டுவாள். தலைமுடி போய், கன்னம் ஒட்டி, எலும்பாக இருந்தவள். கண் மட்டும் அப்படியே இருந்தது. மலையாளப் பெண்கள் சிரிப்பார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியாத தமிழ்ப் பெண்களும் சிரிப்பார்கள். ஒருத்தி வாந்திக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே, “யம்மா, போதும், வயிறு வலிக்கி” என்று சிரித்தது நினைவிருக்கிறது. அடுத்த மாதம் அந்த நாற்காலியில் வேறொருத்தி இருந்தாள்.

அங்கே அப்படித்தான். முகம் பழகும், பிறகு காணாமல் போகும். யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. பேச்சியம்மாளும் பிறகு வரவில்லை. வர வேண்டிய தேவை தீர்ந்திருக்கும்.

எனக்குத் தமிழில் சொல்லு

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் அக்காவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். முடிவைச் சொல்ல டாக்டர் பீனா எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். வழக்கமாக வாசலிலேயே பேசி அனுப்பிவிடுகிறவர். உட்காரச் சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் அக்காவைப் பார்த்துத்தான் பேசினார். “செம்பகம் சேச்சீ” என்று தொடங்கி, நிதானமான மலையாளத்தில், எதையும் மறைக்காமல் சொன்னார். அந்த மருந்தும் பயன் தரவில்லை. இனிக் கொடுப்பது உடம்பைத்தான் வருத்தும். நிறுத்திவிடுவது நல்லது.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“எனக்குத் தமிழ்ல சொல்லு.”

“அக்கா…”

“சொல்லு.”

“உனக்குத்தான் மனசிலாச்சே.”

“மனசிலாச்சு. நீ சொல்லு. அவுங்களுக்கெல்லாம் சொல்லுவியே, அது மாதிரி சொல்லு.”

நான் டாக்டரைப் பார்த்தேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ, தலையை மட்டும் லேசாக அசைத்தார். ஸ்டூலை இழுத்து அக்காவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். எங்கள் முழங்கால்கள் இடித்துக்கொண்டன. அந்த அறையில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தைகளெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை.

“குடுத்த மருந்துக்கு நோய் கேக்கல,” என்றேன். “வயித்துல இருந்தது இப்ப வேற இடத்துலயும் இருக்கு. இனியும் மருந்து ஏத்தினா உடம்புதான் தளரும், நோய் தளராது. அதனால நிறுத்திருவோம்.”

“ம்.”

“வீட்டுக்குப் போகலாம். வலி வராமப் பாத்துக்கிடுவோம். வந்தா அதுக்கு மருந்து இருக்கு.”

“எவ்வளவு நாளுன்னு கேளு.”

நான் டாக்டர் பக்கம் திரும்பி மலையாளத்தில் கேட்டேன். அக்கா தானே கேட்டிருக்கலாம். என்னைவிட நல்ல மலையாளத்தில் கேட்டிருப்பாள். டாக்டரும் அவளிடம் நேராகச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

“மாசக் கணக்குதான்,” என்றேன் அக்காவிடம். “அதுவும் அதிகம் இல்ல.”

“ரமேஷ எப்பக் கூப்பிடணும்னு கேளு.”

கேட்டேன். டாக்டர் ஒரே சொல்லில் சொன்னார். “இப்போள்.”

“இப்பவே கூப்பிட்டிரலாம் அக்கா,” என்றேன்.

அதற்குத்தான் அவள் அழுதாள். சத்தம் இல்லாமல், வாயை மூடிக்கொண்டு. நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் நான் உடைந்துவிடுவேன், பிறகு அவள் கேட்க நினைப்பதை யார் கேட்பது என்று இருந்தது. அவள் வேறொன்றும் கேட்கவில்லை. டாக்டர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். சாரல் ஒன்றும் உள்ளே வரவில்லை.

ஆட்டோவில் அக்கா தலைமுண்டை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். கிழக்கேகோட்டையில் வண்டிகள் நகராமல் நின்றன.

“அந்த டாக்டர் பிள்ள நல்லாத்தான் சொன்னா,” என்றாள். “ஆனா மலையாளத்துல கேட்டப்ப எனக்கு அது வசனம் மாதிரி இருந்திச்சு. வேற ஒருத்திக்கு நடக்குக கதை. எத்தன நாடகத்துல கேட்டாச்சு. நீ சொன்னப்பதான் எனக்குன்னு தெரிஞ்சுது.”

நான் சாரல் படாமல் ஆட்டோவின் திரையை இழுத்துவிட்டேன்.

“தெரியணும்லா,” என்றாள். “தெரியாம எப்பிடிப் போறது.”

அதற்குப் பிறகு

ரமேஷ் வந்தான். அக்கா அவனோடு பேசினாள், அவனுக்குப் பிடித்த தீயல் குழம்பு எப்படி வைப்பது என்று படுக்கையிலிருந்தே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நாடகக் குழுக்காரர்கள் வந்து பழைய கதை பேசிவிட்டு, வாசலுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆடி மாதத்துக் கர்க்கடக மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், நான் அவளுக்கு வாய் துடைத்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டாள்.

வாயனசாலையில் இரங்கல் கூட்டம் நடந்தது. பெரிய பெரிய நடிகர்கள் எல்லாம் அக்காவைப் பற்றி அழகான மலையாளத்தில் பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். மைக்கைப் பிடித்தேன். ஒன்றும் வரவில்லை. எல்லோருடைய வரிகளும் மனப்பாடமாக இருந்தவளுக்குத் தன்னுடைய வரி ஒன்றுகூட இல்லை. யாரோ கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கிழக்கேகோட்டையில் அந்தப் பக்கம் போகும் பேருந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அலுவலகத்தில் முழு நாள் வேலை செய்தேன். வீட்டுக்கு வந்தால் டிவியைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். அக்கா இல்லாதது ஒரு வெறுமை. அந்த வேலை இல்லாதது இன்னொன்று. இரண்டாவது இருப்பதாக ஒப்புக்கொள்ளவே எனக்கு நாளாயிற்று. அக்காவுக்காக மட்டும் அழுகிறேன் என்று நம்புவதுதான் மரியாதையாக இருந்தது.

ஓணம் கழிந்து, ஐப்பசி மழையும் வந்த பிறகு நர்ஸ் போன் செய்தாள். “சிவகாமி சேச்சி, ஒந்நு வராமோ? ஒரு அப்பூப்பன் ஒற்றைக்கு வந்நிரிக்குந்நு.” ஒரு தாத்தா தனியாக வந்திருக்கிறார். அலுவலகத்தில் சொல்லாமலே கிளம்பிப் போனேன்.

அருணாசலம் என்று பெயர். ராதாபுரம் பக்கம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கழுத்தில் கட்டி. முன்பே சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு வந்திருந்தது. நான் போனபோது அவர் அந்த அறையில் மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் எனக்கு ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே போட்டாள். அதே ஸ்டூல்தான்.

டாக்டர் பீனா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே விஷயம் இருந்தது. “கேன்சர் அல்லா,” என்றார். “வெறும் முழயா. பறஞ்ஞோளூ.” புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான், சொல்லிவிடுங்கள்.

நான் அருணாசலத்தின் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, நிறுத்த முடியவில்லை.

அருணாசலம் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு மஞ்சள் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, என் கையில் கொடுத்தார்.

“இருக்கட்டும்மா,” என்றார். “மெதுவாச் சொல்லுங்க. நான் வரும்போதே மனசத் தேத்திக்கிட்டுத்தான் வந்தேன்.”

“அது இல்ல அண்ணாச்சி…”

“தண்ணி குடிங்க மொதல்ல.”

குடித்தேன். “உங்களுக்கு அந்த நோய் இல்ல,” என்றேன். “சும்மா கட்டிதான்.”

அவர் தலையை ஆட்டினார். “எனக்காகச் சொல்லாதீங்க. டாக்டரம்மா என்ன சொன்னாவளோ அதச் சொல்லுங்க. நான் தாங்கிக்கிடுவேன்.”

சத்தியம் செய்தேன். நம்பவில்லை. அழுதுகொண்டே சொல்கிற நல்ல செய்தியை யார் நம்புவார்கள்? கடைசியில் டாக்டரே எழுந்து வந்து, தனக்குத் தெரிந்த தமிழில், “ஒண்ணும் இல்லை. வீட்டுக்குப் போகலாம், அப்பா,” என்றார். அதன் பிறகுதான் அருணாசலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

வெளியே வந்து, கூடத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் கீழே கேண்டீனுக்குப் போய் இரண்டு சாயாவோடு வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல. சரி. நீங்க எதுக்கு அழுதீங்க?”

“எங்க அக்காவுக்கு அந்த ரூம்ல வச்சுதான் சொன்னேன்,” என்றேன். “நாந்தான் சொன்னேன்.”

அவர் சாயாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அக்கா என்ன வேலையா இருந்தாக?”

“நாடகத்துல நடிச்சாங்க.”

“அப்பிடியா? என்ன மாதிரி வேசமெல்லாம்?”

நான் சொல்லத் தொடங்கினேன். பிறகு நின்று, அவருக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் இருக்கும், நேரமாகிவிடும் என்றேன்.

“நானே கண்டக்டரு. அடுத்த பஸ் எப்பன்னு எனக்குத் தெரியாதாக்கும்,” என்றார். “நீங்க சொல்லுங்க.”